யேசுதாசன் நட்ட குழாய்

யேசுதாசன் எனக்குத் தர வேண்டியிருந்த கடன் பதினைந்தாயிரத்து முன்னூறு ரூபாய். என்னிடம் கை நீட்டி வாங்கிய கடன் இல்லை, நான் அவன் தலையில் கட்டிய கடன். வட்டி போடவில்லை. போட்டிருந்தால் அவன் பேரப்பிள்ளையும் கட்டிக்கொண்டிருக்கும்.

என் பெயர் தேசம்மா. கோவளத்துக் குப்பத்தில் பிறந்தவள், மூன்றாம் வகுப்போடு சரி. முப்பது வருடம் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்று, முடிச்சூர் ரோட்டுப் பக்கம் மாடி வைத்த வீடு கட்டினேன். அதில் புருஷன் காசு ஒரு செங்கல்கூட இல்லை. வஞ்சிரத்தில் வந்தது தரை, வவ்வாலில் வந்தது மாடி, நெத்திலியும் காரப்பொடியும் சுண்ணாம்பு அடிக்க ஆனது. என்னோடு கூடை தூக்கியவர்கள் இன்னும் கூடைதான் தூக்குகிறார்கள். இதை எழுதும்போது தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பெண் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தாள். விஷயத்தைத் திருத்த நான் விடவில்லை.

சொல்ல வந்தது யேசுதாசனைப் பற்றி. நாசரேத் பக்கத்து ஆள். இருபது வயதில் ரயிலேறி வந்து இரும்புலியூரில் குடியேறியவன். ஐடிஐ படித்ததாகச் சொல்வான், சர்ட்டிபிகேட்டை யாரும் பார்த்ததில்லை. எப்போதும் வெள்ளைச் சட்டை. ஒயர் இழுக்கிற வேலைக்கு எவனாவது வெள்ளைச் சட்டை போடுவானா, இவன் போடுவான். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்துகிற இடத்தில் இவன் டெஸ்டர் குத்தியிருப்பான், மஞ்சள் பிடி வெளியே தெரியும்படி. வீட்டுக்குள் வந்தால் முதலில் நாற்காலி போட வேண்டும், அப்புறம் டீ. கொத்தனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தெரு இவனை மட்டும் "ஒயர்மேன் சார்" என்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் நின்று பாடுவான். குரல் நல்ல குரல், அதைக் குறை சொல்ல முடியாது.

2003இல் என் வீட்டுக்கு ஒயரிங் அவன்தான். எல்லாம் முடிந்ததும் எர்த் போட வேண்டும் என்றான்.

"அது இன்னாப்பா?"

"எங்கயாவது கரண்ட் கசிஞ்சா அது மண்ணுக்குள்ள எறங்கிப் போகணும்க்கா. இல்லைன்னா தொடுறவங்க உடம்பு வழியா எறங்கும். எட்டடிப் பள்ளம் வெட்டி, எட்டடிக் குழாய் எறக்கி, சுத்தி உப்பும் கரியும் கொட்டணும்."

"உப்பு நானே தரேன். கருவாட்டுக்கு வாங்கினது மூட்டை மூட்டையா கீது."

"அந்த உப்பு ஆகாதுக்கா," என்றான். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். உப்பில் என்ன அந்த உப்பு, இந்த உப்பு.

குழாய், உப்பு, கரி, பள்ளம் வெட்டுகிற கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாங்கினான். நான் விடியற்காலையில் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குக் கிளம்புகிறவள். மார்க்கெட்டிலிருந்து திரும்பி வரும்போது பள்ளம் மூடி, மேலே அரை அடிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு புனல். சுற்றிலும் சிமென்ட் பூசி அழகாக வைத்திருந்தான்.

"தெனமும் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. எர்த் காஞ்சா வீட்டுக்கே ஆபத்து," என்றான்.

அந்த வருடமும் அடுத்த வருடமும் சென்னை பட்ட தண்ணீர்க் கஷ்டம் ஊருக்கே தெரியும். போர் வற்றி, கிணறு வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நானும் ஒருத்தி மண்டையை உடைத்திருக்கிறேன், என் குடம் நெளியவில்லை. அப்படி வாங்கிய தண்ணீரில் தினம் இரண்டு குடம் அந்தப் புனலில் ஊற்றினேன். மாடி போர்ஷனில் குடியிருந்த சரோஜினி பால்வாடியில் ஆயா வேலை பார்ப்பவள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, குடிக்கவே தண்ணி இல்ல. குழாய்க்கு ஊத்துறியே."

"நீ குடிக்காட்டி நீ மட்டும் சாவ. அது குடிக்காட்டி மொத்த வூடும் சாவும்."

ஆயுத பூஜைக்கு அந்தக் குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி சுற்றினேன். எங்கள் ஆட்களுக்கு வலைக்கும் படகுக்கும் செய்கிற மரியாதை அது, உயிரைக் காக்கிற பொருளுக்குச் செய்வது. என்னைப் பார்த்துத் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் செய்தார்கள். அவர்கள் வீட்டு எர்த்தும் யேசுதாசன் போட்டதுதான். பக்கத்து வீட்டு யக்ஞநாராயணன் சார் டெலிபோனில் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர், என் கூடை வாசனைக்கு ஜன்னலைச் சாத்துகிறவர். அவர்கூட எர்த் குழாய்க்குச் சந்தனம் வைத்தார்.

"நாங்க குளிச்ச ஜலத்தைத்தான் விடறோம். அது போறும்," என்றார்.

"சாமிக்குப் போய் குளிச்ச தண்ணியா சார்," என்று கேட்டேன். மறுநாளிலிருந்து நல்ல தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

2005இல் வாஷிங் மெஷின் வாங்கினேன். மார்க்கெட்டில் எந்த மீன்காரி வீட்டிலும் அன்று மெஷின் கிடையாது. மீன் தண்ணீர்ப் புடவையை மெஷின் துவைக்க, நான் நின்று வேடிக்கை பார்ப்பேன். அதற்கு பாத்ரூமில் லைன் இழுத்துப் பிளக் வைத்ததும் யேசுதாசன்தான். கொஞ்ச நாளில் மழை பிடித்தது. அந்த வருடத்து மழை முடிச்சூரையே மிதக்கவிட்டது. மெஷினைத் தொட்டால் விரலில் சுர்ரென்று கடிக்க ஆரம்பித்தது. ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வந்தான், நாற்காலியில் உட்கார்ந்தான், டீ குடித்தான்.

"மழைக்கு அப்படித்தான்க்கா இருக்கும். எர்த்துக்குத் தண்ணி ஊத்துங்க."

"மழைதான் கொட்டிகினு கீதே. குழி ரொம்பி வழியுது."

"அது மேல் தண்ணி. நீங்க புனல்ல ஊத்துறதுதான் உள்ள எறங்கும்."

கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்க் குழாய்க்குத் தண்ணீர் ஊற்றினேன். என்னை அப்படி ஊற்ற வைத்தானே, அதற்கே தனியாக ஒரு தொகை போட்டிருக்கலாம்.

அப்புறம் ஒரு நாள், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மெஷின் விளிம்பைப் பிடித்தேன். பிடித்த கையை எடுக்க முடியவில்லை. கத்த வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. துவைக்கக் கொடுத்திருந்த துணியை வாங்க வந்த சரோஜினி பார்த்துவிட்டு, கொடிக்கம்பை எடுத்து என் முழங்கையில் ஓங்கி அடித்துத் தள்ளினாள். தண்ணீர் ஊற்றியதற்குச் சண்டை போட்டவள்தான் உயிரைக் காப்பாற்றினாள். அதற்காக வாடகையைக் குறைக்கவில்லை, அது வேறு கணக்கு.

வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நரம்போடு கருகிவிட்டன. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாயிரத்து ஐநூறு செலவு வைத்து விரலைக் காப்பாற்றினார்கள், மடக்கத்தான் முடியவில்லை. இன்றும் அந்தக் கை மூடாது. எதையோ கேட்டு நீட்டின மாதிரி விரிந்தே இருக்கும். மீன் வெட்டுகிறவளுக்கு வலது கை போனால் பிழைப்பு போச்சு என்று மார்க்கெட்டில் என் இடத்துக்கு இரண்டு பேர் கண் வைத்தார்கள். நான் இடது கையால் வெட்டக் கற்றேன். இப்போது சுறாவைக்கூட இடது கையால் தோல் உரிப்பேன். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒன்று முடிவு செய்தேன். செலவான காசை யேசுதாசன் கடைசி ரூபாய் வரைக்கும் எண்ணித் தர வேண்டும், இந்த மூடாத கையிலேயே எண்ணி வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பெருங்களத்தூரிலிருந்து தனசிங் என்று வேறொரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். அவன் முதலில் பாத்ரூம் லைனில் பியூஸ் கட்டையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தான். மெஷினுக்குப் பின்னால் பார்த்தால் பிளக்குக்குப் போகிற ஒயரை நடுவில் முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தான் யேசுதாசன். மழைக்கு டேப் பிரிந்து ஒயர் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் தனசிங் ஒயர் மாட்டிய ஒரு பல்பை எடுத்து, மெயின் போர்டில் ஒரு முனையைக் கரண்டிலும் ஒரு முனையை எர்த் ஒயரிலும் வைத்தான். நல்ல எர்த் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டுமாம். அது பீடி நெருப்பு மாதிரி மினுக்கிவிட்டு நின்றது.

வெளியே வந்து குழாயைப் பிடித்து ஆட்டினான். சிமென்ட் விரிசல் விட்டது. ஒரு இழுப்பு இழுத்தான். எட்டடிக் குழாய் என்று நான் மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியது, முள்ளங்கி மாதிரி அவன் கையோடு வந்துவிட்டது. முழுசாக இரண்டடி. உப்பும் இல்லை, கரியும் இல்லை. கீழே செங்கல் ஜல்லி.

தனசிங் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, குழாயை வாங்கி இரண்டு முனையையும் பார்த்தேன். முப்பது வருடமாகத் துண்டு போட்டு விற்கிறவள் நான். துண்டைப் பார்த்தால் மீனில் எந்த இடம் என்று சொல்வேன்.

"தனசிங், கடையில வாங்கின கொழாய்க்கு முனையில திருகு மரை இருக்குமா?"

"ரெண்டு முனையிலயும் இருக்கும்க்கா."

"இதுல ரெண்டு பக்கமும் ரம்பம் போட்டு அறுத்துகீது. இது நடுத்துண்டு. அப்போ தலை யார் வூட்ல கீது, வாலு யார் வூட்ல கீது?"

தனசிங்குக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் குழாயைத் திரும்ப நட்டு வைக்கச் சொன்னேன். பியூஸ் கட்டையை மடியில் கட்டிக்கொண்டேன். யேசுதாசனுக்கு ஆள் அனுப்பினேன்.

வெள்ளைச் சட்டையோடு வந்தான், கையில் ஆறு சாத்துக்குடி. என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினான். சாத்துக்குடியை முதலில் வாங்கி உள்ளே வைத்தேன். யக்ஞநாராயணன் சாரையும் எதிர் வீட்டுக்காரர்களையும் ஏற்கெனவே வரச் சொல்லியிருந்தேன். எல்லாரையும் பாத்ரூம் வாசலில் நிறுத்தினேன். சரோஜினி தரையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

"யேசுதாசா, செருப்பைக் கழட்டிட்டு உள்ள போ. மெஷினைத் தொடு."

"எதுக்குக்கா?"

"நீ இழுத்த லைனு. நீ போட்ட எர்த்து. நான் தெனம் தண்ணி ஊத்தின எர்த்து. தொட்டுக் காட்டு, எல்லாரும் பாக்கட்டும்."

"பழுதான மெஷினா இருக்கும்க்கா. கம்பெனிக்காரனைக் கூப்பிடணும்."

"மெஷின் பழுதா இருந்தா எர்த்து காப்பாத்தும்னு நீதானப்பா சொன்ன. மண்ணுக்குள்ள எறங்கிப் போவும்னு சொன்ன. தொடு."

ஈரத்தில் வெறுங்காலோடு நின்றான். கையை நீட்டினான். தகரத்துக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, அதைத் தாண்ட அவனால் முடியவில்லை. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. யக்ஞநாராயணன் சார், "தொடுமேன், உம்ம வேலைதானே," என்றார். அவர் விஷயம் தெரியாமல் சொன்னார். விஷயம் தெரிந்து ஓரமாக நின்ற தனசிங் தலையைக் குனிந்துகொண்டான்.

"முடியாதுக்கா. செத்துருவேன்," என்றான் யேசுதாசன்.

"ஏன் சாவ?"

"எர்த் இல்ல."

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மடியை அவிழ்த்துப் பியூஸ் கட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"கரண்டே இல்லடா அதுல. பாக்கெட்ல டெஸ்டர் குத்திகினு நிக்கிறியே, வெச்சுப் பார்க்கணும்னு தோணலையா?"

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அதற்கு முன் நான் அந்த டெஸ்டரை உருவிவிட்டேன். அந்தச் சட்டை அது இல்லாமல் வெறும் சட்டையாக இருந்தது.

தலை எங்கே, வால் எங்கே என்று கேட்டதும் எல்லாம் சொன்னான். ஒரே ஒரு எட்டடிக் குழாய் வாங்கினான். நாலாக அறுத்து நாலு வீட்டில் நட்டான். நாலு வீட்டிலும் முழுக் குழாய்க்குக் காசு. தலை யக்ஞநாராயணன் சார் வீட்டில், வால் எதிர் வீட்டில், என்னுடையதும் கடைசி வீட்டுடையதும் நடுத்துண்டு. சார் அங்கேயே, "நான் சந்தனம் வெச்சேனே," என்று இரண்டு தடவை சொன்னார்.

"போலீஸுக்குப் போலாம்," என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"போனா உள்ள வெப்பான். உள்ள இருந்தா சம்பாரிப்பானா? எனக்குத் துட்டு வோணும்," என்றேன்.

நாலு பள்ளத்தையும் அவனே வெட்டினான். எட்டடி. தனசிங் மேலே நின்று அளந்தான். புதுக் குழாய் நாலு, உப்பு, கரி எல்லாம் அவன் காசு, ஞானப்பூவின் கம்மலை விற்று வாங்கினான். ஞானப்பூ அவன் பெண்டாட்டி. பள்ளத்துக்குள் அவன் தலை மறையும்வரை தெரு நின்று பார்த்தது. நான் நாற்காலி போட்டுப் பார்த்தேன், அவன் உட்காருகிற நாற்காலிதான். டீயும் குடித்தேன்.

அப்புறம் கணக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரி பன்னிரண்டாயிரத்து ஐநூறு. எர்த்துக்கு வாங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதோடு தண்ணீர் தொள்ளாயிரம்.

"தண்ணிக்குமாக்கா?"

"காசு குடுத்து வாங்கின லாரித் தண்ணிடா. உன் ரெண்டடிக் கொழாய் குடிச்சுது. நான் தாகத்தோட படுத்தேன்."

மாதம் நானூறு என்று முடிவானது. வீட்டுக்கு வந்து தரக் கூடாது, மார்க்கெட்டில் என் கடைக்கு வந்து, நாலு பேர் மீன் வாங்கும்போது தர வேண்டும். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் கேட்டார்கள். என்னுடையது தீர்ந்த பிறகுதான் உங்களுக்கு என்றேன். என்னோடு யாரும் வாதாடவில்லை. நீட்டின மாதிரி இருக்கிற கையைப் பார்த்தால் எவனும் வாதாட மாட்டான்.

முதல் மாதம் வந்தான். "ஒண்ணு," என்று எண்ண ஆரம்பித்தான். நிறுத்தினேன். மீன் கடையில் ஒண்ணு என்று எண்ணுகிற வழக்கம் கிடையாது. முதல் எண்ணுக்கு லாபம் என்று பேர். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் கூடை எண்ணுவோம், காசு எண்ணுவோம்.

"என் கடையில ஒண்ணு சொல்லாத. மொதல்லேர்ந்து எண்ணு."

"லாபம்," என்றான். மீன் வாங்க நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாதா மாதம் அப்படித்தான். அவனுக்கு நஷ்டமாகப் போகிற காசை லாபம் என்று அவன் வாயாலேயே எண்ண வைத்தேன். டெஸ்டரைக் கேட்டான். கடன் தீர்ந்ததும் தருகிறேன் என்றேன். அது என் பலகையில் கிடந்தது, நண்டு ஓட்டை நெம்ப அதைவிட நல்ல சாமான் கிடையாது. அவன் நிற்கும்போது வேண்டுமென்றே அதை எடுத்து நெம்புவேன்.

ஒயரிங் வேலைக்கு அப்புறம் அவனை யாரும் கூப்பிடவில்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை விஷயம் போயிருந்தது, நான்தான் போக வைத்தேன். காட்டாங்குளத்தூரில் பையன்கள் ஹாஸ்டல் ஒன்றில் வாட்ச்மேன் ஆனான். காக்கிச் சட்டை. ஹாஸ்டலில் பியூஸ் போனால்கூடத் தொட மாட்டானாம், பையன்களைப் போய் ஆளைக் கூட்டிவரச் சொல்வானாம். கோயிலில் பின்வரிசைக்குப் போய்விட்டான் என்று ஞானப்பூ சொன்னாள்.

அவள் ஒரு தடவை தனியாக வந்தாள். இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் பாக்கி இருந்த சமயம்.

"எக்கா, மகளை நர்சிங்ல சேக்கணும். மிச்சத்தைத் தள்ளிவிட்டிருங்கக்கா. ரெண்டு வருசத்துக்கு மேல கட்டிட்டாரு."

"நான் மத்தி மீனுக்கே ஒரு ரூபா தள்ள மாட்டேன். வெரலுக்குத் தள்ளுவனா?"

"உங்களுக்கு வீடு இருக்கு, வாடகை வருது."

"வருது. நான் கட்டினது. முழுக் குழாய் போட்டுக் கட்டினது."

அழுதாள். அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் கால் கிலோ நெத்திலி கேட்டாள், சரியான விலைக்குக் கொடுத்தேன். நிறை குறைக்கவில்லை, அது என் கடைக்கு உள்ள நல்ல பெயர். மகள் அந்த வருடம் நர்சிங் சேரவில்லை. செல்போன் கடையில் வேலைக்குப் போனாள்.

2009 ஆரம்பத்தில் கடைசித் தவணை. கணக்குப்படி ஐநூறு பாக்கி. ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட் கூட்டம் நெரிகிற நேரம். யேசுதாசன் காக்கிச் சட்டையோடு நேராக வந்து நின்றான். இளைத்திருந்தான், மீசை நரைத்திருந்தது. சரோஜினியும் மீன் வாங்க நின்றிருந்தாள்.

"இன்னா சார், இன்னிக்கு முடியுதா?" என்றாள். பழைய பழக்கத்தில் சார் வந்துவிட்டது. அவன் காது சிவந்தது.

"டெஸ்டரைக் குடுங்க முதல்ல," என்றான் என்னிடம்.

"மொதல்ல எண்ணு."

"இன்னைக்கு ஒண்ணுன்னுதான் எண்ணுவேன்."

மூன்று வருடத்தில் அவன் என்னை எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். பக்கத்துக் கடைக்காரி கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நான் டெஸ்டரை எடுத்து, முனையில் ஒட்டியிருந்த நண்டுச் சதையைக் கோணியில் துடைத்தேன். அவன் பார்க்கப் பார்க்க அதைப் பலகை இடுக்கில் கால்வாசி நுழைத்து, ஒடிகிற மாதிரி வளைத்துப் பிடித்தேன்.

"ஒண்ணுன்னா இது ரெண்டாவும்," என்றேன்.

அவன் டெஸ்டரைப் பார்த்தான். மஞ்சள் பிடி கறுத்துப் போயிருந்தது, உள்ளே இருக்கிற குட்டி பல்பு எரியுமோ என்னவோ. பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாள்களை எடுத்தான். வலது கையை நீட்டினேன். நீட்ட வேண்டிய வேலையே இல்லை, அது எப்போதும் விரிந்தே இருக்கிற கை. அதில் மீன் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

முதல் தாளை வைத்தான். உதடு ஒட்டிக்கொண்டு பிரிய நேரமானது.

"லாபம்," என்றான்.

"கேக்கல."

"லாபம். ரெண்டு. மூணு. நாலு." ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டின. ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்து மடங்காத அந்த இரண்டு விரலின் மேல் வைத்தான். "அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு. ஒம்பது."

நான் கையை அசைக்கவில்லை.

"பத்து."